ஒரே வரைபடம், இரண்டு வீடு: நிறம் சுவருக்கா, துணிக்கா?

எங்கள் வளவுக்கும் மச்சாள் வளவுக்கும் நடுவில் ஒரு கதியால் வேலி மட்டும்தான். கிளிநொச்சிப் பக்கம், போருக்குப் பிறகு இந்திய அரசு மானியம் கொடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில் எழும்பிய வீடுகள். இரண்டுக்கும் ஒரே வரைபடம்: முன்னுக்கு சின்ன விறாந்தை, ஒரு ஹோல், இரண்டு அறை, குசினி. ஏறக்குறைய 550 சதுர அடி, அதற்கு 550,000 ரூபா மானியம். சதுர அடிக்கு ஆயிரம் ரூபா என்று வாய்க்கணக்கிலேயே வந்துவிடும். மிச்சச் செலவுக்கு நகை அடைவு போனது. அந்த நாளில் சுவருக்கு என்ன நிறம் என்று ஒருவரும் கேட்கவில்லை. பூச்சு முடிந்து கதவு போட்டாலே குடிபூரல்தான்.

அது நடந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. பிள்ளைகள் வளர்ந்து, வீட்டுக்குப் போன் வந்து, போனுக்குள் கொழும்பு வீடுகளும் வெளிநாட்டு வீடுகளும் வந்த பிறகு மச்சாளுக்கு வெள்ளைச் சுவர் அலுத்துப்போனது. "என்ன மச்சாள், உங்கட வீடும் என்ர வீடும் ஆஸ்பத்திரி வார்ட் மாதிரிக் கிடக்கு" என்றார். நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர் ஹோலின் ஒரு சுவரை மயில்நீலத்தில் அடித்தார். நான் சுவரை வெள்ளையாகவே விட்டு, அதே மயில்நீலத்தைத் திரையிலும் செற்றித் துணியிலும் கொண்டுவந்தேன். இரண்டும் ஒரு வருடத்துக்கு மேல் வெயிலும் மழையும் சோளகமும் பார்த்துவிட்டன. வீட்டின் அளவு ஒன்று, ஜன்னல் ஒன்று, வெயில் ஒன்று. இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிற வாய்ப்பு லேசில் கிடைக்காது.

மச்சாளுக்கு ஆசையைக் கிளப்பிய படம் மொரோக்கோ நாட்டு மராகேஷ் நகரத் தோட்டம் ஒன்று. ஓவியர் மஜோரெல் உருவாக்கியது. பிறகு 1980இல் உடுப்பு வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரனும் அவருடைய துணைவரும் அதை வாங்கினார்கள். கட்டடம் முழுக்கக் கண்ணைப் பறிக்கிற நீலம், பக்கத்தில் எலுமிச்சை மஞ்சள் சாடிகள், பச்சைக் கள்ளி. படத்தில் பார்த்தால் எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த நீலம் நிற்பது வெளியில், உச்சி வெயிலில். எங்கள் ஹோலுக்கு வெளிச்சம் வருவது விறாந்தைக் கூரையைத் தாண்டி, ஒரே ஒரு ஜன்னலால். கடும் நிறம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடும். மச்சாளின் சுவர் காலை ஒன்பது மணிக்கு மயில்கழுத்து, மத்தியானம் நல்லெண்ணெய்ப் போத்தல், பின்னேரம் நாலு மணிக்கு மை. வெளியில் பொசுக்குகிற வெயிலில் இருந்து உள்ளே வந்தால் அரை நிமிடத்துக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் மாமா செற்றியில் படுத்திருந்த பூனைக்கு மேலேயே இருந்துவிட்டார்.

அதற்காகச் சுவரில் நிறம் கூடாது என்று நான் சொல்லவரவில்லை. இரவில் அந்தச் சுவருக்கு முன்னால் மச்சாள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு நின்றால் என் வீட்டில் உள்ள எந்தத் துணியாலும் அந்த எடுப்பைக் கொடுக்க முடியாது. நிறத்தின் கனம் சுவருக்குத்தான் வரும். துணி எவ்வளவு கடுமையாக இருந்தாலும் காற்றில் ஆடி, மடிந்து, கொஞ்சம் இளகித்தான் தெரியும்.

வேலை என்று பார்த்தால் சுவர் அவ்வளவு லேசு இல்லை. ஹோல் சுவர் 12 அடி அகலம், 9 அடி உயரம், அதாவது 10 சதுர மீற்றர். நல்ல பெயின்ற் ஒரு லீற்றர், ஒரு கோட்டுக்கு ஏறத்தாழ அவ்வளவு இடம் எடுக்கும். இரண்டு லீற்றர் போதும் என்றுதான் மச்சாள் வாங்கினார். கடும் நிறங்களுக்கு அடித்தளப் பெயின்றில் வெள்ளை குறைவு, சாயம் கூட. அதனால் பழைய வெள்ளையை மூடாமல் அடியில் இருந்து காட்டிக்கொடுக்கும். மூன்றாவது கோட் அடிக்கிற வரைக்கும் பிரஷ் போன வழி எல்லாம் கோடு கோடாய்த் தெரிந்தது. பெயின்ற் அடிக்க வந்த அண்ணை மூன்றாம் நாள்தான் சொன்னார்: "தங்கச்சி, முதல் கோட்டைச் சாம்பல் நிறத்தில அடிச்சிருந்தா ஒரு லீற்றர் மிஞ்சியிருக்கும்." அதை முதல் நாள் சொல்லியிருக்கலாம்.

மழை வந்ததும் அடுத்த தொல்லை. எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சவர். அதே தண்ணீரில்தான் சீமெந்து குழைத்துப் பூசினோம். கார்த்திகை மழையில் நிலத்து ஈரம் சுவரில் ஏறி, காயும்போது உப்புப் பூத்தது. இரண்டு வீட்டிலும் பூத்தது, ஒரே உயரத்தில், முழங்கால் அளவில். என் வெள்ளைச் சுவரில் விரலால் தடவினால்தான் தெரிந்தது. மச்சாளின் நீலத்தில் கரையோரம் அலை அடித்துவிட்டுப் போன மாதிரி ஒரு வெள்ளை வரி. சுரண்டி, காயவிட்டு, காரம் தாங்குகிற சீலர் அடித்து, மேலே மறுபடி நீலம். ஒட்டுப்போட்ட இடம் இன்றைக்கும் சாய்வெளிச்சத்தில் தெரிகிறது. ஆகவே ஈரம் ஏறுகிற வெளிச்சுவரை விட்டுவிட்டு, ஹோலுக்கும் அறைக்கும் நடுவில் உள்ள உட்சுவரைத் தேர்ந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அங்கேயும் ஈரம் ஏறும், ஆனால் மழைச்சாரல் அடிக்காது.

பல்லியையும் சொல்லவேண்டும். அதன் எச்சத்தில் கறுப்பு ஒரு பக்கம், வெள்ளை ஒரு பக்கம். வெள்ளைச் சுவரில் கறுப்பு தெரியும், நீலச் சுவரில் வெள்ளை தெரியும். அந்த விஷயத்தில் இரண்டு வீடும் சமம்.

என் பக்கத்துத் துணிக்கதையும் அப்படி ஒன்றும் சுத்தம் இல்லை. ஆனி, ஆடியில் சோளகம் எழும்பினால் கிரவல் றோட்டுப் புழுதி முழுக்க ஜன்னலால் உள்ளே வரும். மச்சாள் சுவரை ஈரத்துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் சரி. அதற்கும் காரணம் அவர் மினுக்கம் கொஞ்சம் உள்ள பெயின்றை எடுத்தது. முழு மட் எடுத்திருந்தால் துடைத்த தடமே ஒரு கறையாய் நின்றிருக்கும். எனக்கோ பதினைந்து நாளைக்கு ஒரு முறை திரை கழற்றித் தோய்க்கிற வேலை. முதல் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் போகும். மேற்குப் பக்க ஜன்னல் திரையில் மடிப்பின் வெளி விளிம்பு மட்டும் வெளிறி, உள்மடிப்பு பழைய நீலத்திலேயே இருக்கிறது. விரித்துப் பிடித்தால் வரிப் போட்ட துணி மாதிரி. அதற்குப் பிறகுதான் பின்பக்கம் வெள்ளைப் பருத்தி உள்துணி வைத்துத் தைத்தேன். தொடக்கத்திலேயே வைத்துத் தைப்பவர்கள் என்னைவிடப் புத்திசாலிகள்.

ஆனாலும் துணிக்கு ஒரு பெரிய வசதி உண்டு: பிடிக்காவிட்டால் கழற்றலாம். துணியால் நிறம் கொண்டுவருவதை ஏழையின் வழி என்று சிலர் நினைக்கிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலுக்குப் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வா செய்தது பத்திக் துணியால் ஆன உட்கூரை. உள்ளே வந்தவர்கள் அண்ணாந்து பார்த்த நிறம் முழுக்கத் துணிதான். கைத்தறியில் வடிவமைப்பாளர் பார்பரா சன்சோனி ஆரஞ்சையும் ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெய்யவைத்ததும் இந்த நாட்டில்தான். உடுப்பில் இருந்து வீட்டுக்குள் நிறம் நடந்து வருகிற வழி எங்களுக்குப் புதிது இல்லை. அம்மம்மாவின் பழைய சேலைதானே முதலில் ஏணை, பிறகு திரை, கடைசியில் கைபிடிதுணி.

அப்புறம் விளக்கு. இதில்தான் எங்கள் இருவருக்கும் உண்மையான சண்டை.

மச்சாள் ஐந்து கை உள்ள கண்ணாடித் தொங்கல் விளக்கு வாங்கினார். ஒவ்வொரு கையிலும் மேல்நோக்கித் திறந்த ஒரு கண்ணாடிக் கிண்ணம். ஹோலின் நட்ட நடுவில் தொங்கவிடத்தான் ஆசை, ஆனால் அந்த இடத்தில் மின்விசிறி. வன்னியில் சித்திரை மாதம் மின்விசிறியைக் கழற்றச் சொன்னால் வீடு இரண்டாகும். விசிறிக்குப் பக்கத்தில், அதன் இதழுக்குக் கொஞ்சம் மேலே வருகிற மாதிரி மாட்டிப் பார்த்தார்கள். விசிறி சுற்ற, வெளிச்சம் வெட்டுப்பட்டு, நீலச் சுவர் முழுக்கத் துடிக்கத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் எனக்குத் தலையிடி. கடைசியில் விளக்கு மூலைக்குப் போனது. உண்மையில் அங்கேதான் அது அழகு. படத்தில் நடுவில் தொங்குகிற விளக்கெல்லாம் மின்விசிறி இல்லாத வீட்டு விளக்கு.

நான் செய்தது மலிவு. பனையோலைக் கடகம் ஒன்றை வாங்கி, அடியில் ஓட்டை போட்டு, கவிழ்த்து, வளையில் இருந்து சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கவிட்டேன். மேசையில் இருந்து இரண்டரை அடி உயரம். எல்ஈடி பல்ப் என்பதால் இதைச் செய்யலாம். பழைய குண்டு பல்ப் என்றால் ஓலை காய்ந்து பற்றிக்கொள்ளும், ஆகவே அதை நினைக்கவே வேண்டாம். டென்மார்க்கில் விளக்கு வடிவமைப்பாளர் பவுல் ஹென்னிங்சென் 1958இல் செய்த பிஎச் 5 விளக்கின் கணக்கும் இதுதான்: எந்தக் கதிரையில் இருந்து பார்த்தாலும் பல்ப் கண்ணில் குத்தக்கூடாது. அவர் தகடுகளை அடுக்கி அதைச் சாதித்தார். கடகம் தன் ஆழத்தாலேயே சாதிக்கிறது. இரவில் ஓலைப்பின்னலின் நிழல் சுவரில் சதுரம் சதுரமாய் விழும். வெள்ளைச் சுவர் என்பதால் அது தெளிவாய்த் தெரிகிறது. மச்சாளின் சுவரில் அந்த நிழல் விழுந்தாலும் தெரியாது.

ஐப்பசியில் முதல் மழை விழுந்த இரவு ஈசல் வந்தது. மச்சாளின் ஐந்து கிண்ணமும் ஒரு மணித்தியாலத்தில் அரைவாசிக்கு நிரம்பிவிட்டன. சிறகும் உடலும் சேர்ந்து வெளிச்சம் மங்கி, கீழே நிழல் நெளிந்தது. மறுநாள் மேசைமேல் கதிரை வைத்து ஏறி, ஒவ்வொரு கிண்ணமாய்க் கழற்றிக் கொட்டினார். காலபோக (மாரிகால நெல்) வயல் பச்சைப் பிடித்த பிறகு வயற்பூச்சி, மறுபடி ஏற்றம். என் கடகம் கீழே திறந்தது, ஒன்றும் தேங்காது. எல்லாம் நேரே சோற்றுக்குள் விழும். அன்றைக்கு நாங்கள் குசினியில் இருட்டில் சாப்பிட்டோம். ஒன்று கவனித்தேன்: வெள்ளை பல்பை விட மஞ்சள் பல்புக்குப் பூச்சி குறைவு. நீல ஒளி கூடக் கூடப் பூச்சி கூடும்.

பல்பின் நிறம் சுவரின் நிறத்தையும் மாற்றும். எங்கள் கடைகளில் கேட்காமல் கொடுப்பது 6500 கெல்வின் டேலைற், நீலம் தட்டிய வெள்ளை; எண் குறையக் குறைய வெளிச்சம் மஞ்சளாகும். அதில் என் சிவப்புத் தலையணை உறை செத்த நிறமாய்ப் போகும். 2700க்கு மாற்றினால் அதே சிவப்பு உயிர்க்கும், ஆனால் மச்சாளின் நீலம் பச்சை தட்டிப் பழுப்பாகும். அவருக்குச் சரிவந்தது 4000. பெட்டியில் சீஆர்ஐ என்ற எண்ணையும் பார்க்கவேண்டும், பல்ப் நிறங்களை எவ்வளவு உண்மையாய்க் காட்டும் என்பதன் அளவு அது. 90க்கு மேல் என்றால் துணிநிறம் அவ்வளவாய்த் திரியாது.

கரண்ட் கணக்கு மச்சாளுக்கு வியர்வை வரவைத்த இடம். 2022 ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் கூடியதை யாரும் மறக்கவில்லை. விளக்கோடு கடையில் கொடுத்தது 40 வாட் குண்டு பல்ப் ஐந்து. 200 வாட், நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்றால் மாதம் 30 அலகு. கட்டணப் பட்டியலின் முதல் படியே அந்த ஒரு விளக்குக்குப் போய்விடும். 4 வாட் எல்ஈடி ஐந்து போட்டபோது அது 3 அலகானது. என் கடகத்தில் 9 வாட் ஒன்று, ஒன்றரை அலகுக்கும் குறைவு.

ஆனால் ஆட்கள் வந்தால் அண்ணாந்து பார்ப்பது அவருடைய விளக்கைத்தான். என் கடகத்தைப் பார்த்துவிட்டு "மீன்காரன் மறந்து வைச்சிட்டுப் போனதோ?" என்று கேட்ட உறவினரும் உண்டு.

ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்ப்பதில் அதிகம் சொல்ல இல்லை. அறுபது, முப்பது, பத்து என்று ஒரு வாய்பாடு சொல்கிறார்கள்: பெரும்பகுதி ஒரு நிறம், பாதியளவு இன்னொன்று, கடைசிப் பத்து துணிச்சலுக்கு. ஆண்களின் கோட், சேட், ரையை வைத்து விளக்குவார்கள். எங்களுக்குச் சேலையே போதும்: உடல், தலைப்பு, கரை. மச்சாள் கரையின் நிறத்தை உடலுக்கும், உடலின் நிறத்தைக் கரைக்கும் கொடுத்த மாதிரி இருக்கிறது. நான் கரையில் கொஞ்சம் கஞ்சத்தனம் பிடித்துவிட்டேன். கோயில் மதிலில் வெள்ளையும் காவியுமாய் ஆள் உயரத்துக்குப் பட்டை அடிக்கிற ஊரில் நாங்கள் நிறத்துக்குப் பயப்பட ஒரு காரணமும் இல்லை என்று மச்சாள் சொன்னபோது பதில் வரவில்லை.

கையில் ஒரு தொகை மட்டும் இருந்தால் நான் முதலில் விளக்கை மாற்றுவேன், பிறகு துணி, கடைசியில் சுவர். மச்சாள் இதைத் தலைகீழாய்ச் சொல்வார். வாடகை வீட்டுக்காரர் என் வரிசையைப் பிடிக்கலாம். சொந்த வீடு, ஈரமில்லாத உட்சுவர், இரண்டு ஜன்னல் உள்ளவர் மச்சாள் சொல்வதைக் கேட்கலாம்.

போன கிழமை மச்சாள் உள்துணி வைத்துத் தைத்த என் திரையை வந்து அளந்துகொண்டு போனார். போகும்போது வாளியில் மிஞ்சிய அரை லீற்றர் நீலத்தை விறாந்தையில் வைத்துவிட்டார். சாமித்தட்டின் பின்சுவருக்கு மட்டும் சரியாய் வரும். முதல் கோட் சாம்பலில்தான் அடிக்கப்போகிறேன்.