திண்ணையில் பார்த்த இரண்டாவது பிரஷர்

டப்ளினிலிருந்து ஆறு வார விடுப்பில் வந்திருந்தேன். சூளகிரிப் பக்கம் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு மூன்று மாதமாக விக்கல். விடிந்தால் வாந்தி, எழுந்தால் கண் இருட்டல். “நீ அங்கே நினைக்கிறாய், இவன் இங்கே விக்குகிறான்” என்று அம்மா போனில் சொன்னபோது நானும் சிரித்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு வலிக்கிறது. கேஸ், அல்சர் என்று இரண்டு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகள் ஒரு மஞ்சள் பை நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் உட்காரவைத்துப் பார்த்த பிரஷர்தான். எழுந்து நிற்கச் சொல்ல ஒருவருக்குக்கூடவா தோன்றவில்லை!

அம்மாவின் மாத்திரைக்காக ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பெண் வந்தார். 2021 ஆகஸ்டில் எங்கள் வட்டாரத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது. உள்ளே போக எழுந்த அண்ணன் தூணைப் பிடித்துக்கொண்டதை அவர் கவனித்தார். “அண்ணா, உட்காருங்கள், பார்த்துவிடலாம்.” 140. “இப்போது எழுந்து நில்லுங்கள்.” கைப்பட்டையைக் கழற்றவில்லை. அண்ணன் தூணில் சாய, நான் தோளைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிமிடம் கழித்து 104. மறுபடியும் பார்த்தார், அதேதான். “பெரிய ஆஸ்பத்திரிக்கு இன்றைக்கே போங்கள்” என்றார்.

நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலே கவனிக்க வேண்டும் என்பது அங்கே போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது. நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். கழுத்துத் தமனியில் உள்ள உணர்விகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குச் சேதி அனுப்ப, அது நொடிகளில் ரத்தக்குழாய்களை இறுக்கி இதயத்தை முடுக்கும். நாம் அறியாமலே தானியங்கு நரம்பு மண்டலம் செய்யும் வேலை இது. அண்ணனுக்கு மூளையின் நான்காவது அறையில் வளர்ந்த கட்டி முகுளத்தை அழுத்திக்கொண்டிருந்தது. வாந்தியைத் தூண்டும் இடம் அந்த அறையின் தரையில்தான் இருக்கிறது, விக்கலுக்கான பாதையும் முகுளத்தின் வழியேதான் போகிறது. வயிற்றில் தேடிய நோய் பிடரியில் இருந்தது. தலைக்குள் அழுத்தம் மேலும் ஏறியிருந்தால் பிரஷர் எகிறி, நாடி குறைந்து, மூச்சு தாறுமாறாகியிருக்கும் என்றார் மருத்துவர். கஷிங் என்ற அறுவை மருத்துவர் நூறாண்டுக்கு முன்பே விவரித்த அபாய அறிகுறியாம்.

டப்ளினில் குடும்ப மருத்துவரைப் பார்க்கவே எனக்கு ஒரு வாரம் ஆகும், ஸ்கேன் என்றால் மாதக்கணக்கு. வாசல்படி ஏறி வந்து என் கையை யாரும் பிடித்துப் பார்த்ததில்லை. சின்ன வயதில் வீடு வீடாக வந்த நர்சம்மாவின் நினைவு வந்தது.

பெங்களூருவில் அறுவை முடிந்தது. விக்கல் நின்றுவிட்டது. தலைசுற்றல் முழுதாகப் போகவில்லை, அதனால் கட்டிலில் சிறிது நேரம் உட்கார்ந்துதான் எழுகிறார், காலில் இறுக்கமான உறை. போன வாரம் அண்ணன் ஒரு படம் அனுப்பினார். அந்தப் பெண் நோட்டில் கோடு கிழித்து இரண்டு கட்டங்கள் போட்டிருக்கிறார்: உட்கார்ந்து 132, நின்று 118.