சின்னத் தொகை, வக்கீல் இல்லை: நுகர்வோர் ஆணையமா, லோக் அதாலத்தா, சிவில் கோர்ட்டா?

30,000 ரூபாய் வர வேண்டியிருக்கும், எதிராளி தர மாட்டேன் என்பார். வக்கீல் வைத்தால் பாதி அங்கேயே போய்விடுமே என்று யோசித்து, பலர் அந்தப் பணத்தையே தலைமுழுகிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. நம் நாட்டில் இந்த மூன்று இடங்களிலும் நம் வழக்கை நாமே நின்று பேசலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் எங்கே போவது என்பதைத் தொகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். தர வேண்டியவர் யார், உங்கள் கையில் என்ன காகிதம் இருக்கிறது, இந்த இரண்டையும் வைத்து முடிவு செய்யுங்கள்.

காசு கொடுத்து வாங்கிய பொருளோ சேவையோ என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், வேறு யோசனையே வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் போடலாம், கம்பெனி எங்கோ வடக்கே இருந்தாலும் அவர்கள்தான் இங்கே வந்து பதில் சொல்ல வேண்டும். நாம் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து 2 வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். எதிர்தரப்புக்குப் பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் நீட்டிக்க முடியாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. அதனால் புகாரின் நகல் அவர்கள் கைக்குப் போன தேதியைக் குறித்து வையுங்கள். 46-ஆம் நாள் பதிலோடு வந்தால், இதை ஏற்கக் கூடாது என்று எழுந்து சொல்ல வக்கீல் வேண்டியதில்லை.

என் வாஷிங் மெஷின் வழக்கை நானேதான் நடத்தினேன். முதல் தடவை மனுவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், பக்க எண் இல்லை, ஆவணப் பட்டியல் இல்லை, எதிர்தரப்புக்கான நகல் போதவில்லை என்று. அப்புறம் உட்கார்ந்து வாங்கிய நாள், பழுதான நாள், மெக்கானிக் வந்து போன நாள் என்று தேதி வாரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் எதிரே பில்லையோ சர்வீஸ் சீட்டையோ எண் போட்டு இணைத்தேன். வாதம் என்று நான் பேசியது ஐந்து நிமிடம்கூட இருக்காது, அந்தப் பட்டியல்தான் பேசியது. 3 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வாய்தா விழும், இழுக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

ஆனால் நண்பருக்குக் கொடுத்த கைமாற்று, முதலாளி தராத சம்பளம், வியாபாரத்துக்காக வாங்கிய சரக்கு இதெல்லாம் அங்கே செல்லாது.

கைமாற்று மாதிரி விஷயத்துக்கு முதலில் லோக் அதாலத், அதாவது மக்கள் நீதிமன்றம். வழக்கே போடாமல் தாலுகா அல்லது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும், நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டது தீர்ப்பாணைக்குச் சமம், அப்பீலும் கிடையாது. ஆகவே எந்தத் தேதிக்கு எவ்வளவு, தவணை தவறினால் என்ன என்பதெல்லாம் அதில் எழுதப்படாமல் கையெழுத்துப் போடாதீர்கள். எதிராளி வராவிட்டால் அல்லது ஒத்துவராவிட்டால் விஷயம் அதோடு நின்றுவிடும், லோக் அதாலத் தானாகத் தீர்ப்பு எழுத முடியாது. அதனால் முகத்தாட்சண்யம் உள்ள ஆள், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்றால் மட்டும் இது பலிக்கும். (மின்சாரம், போக்குவரத்து, இன்சூரன்ஸ் போன்ற பொதுச் சேவைகளுக்கு நிரந்தர மக்கள் நீதிமன்றம் என்று தனியாக உண்டு. சமரசம் ஆகாவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்வார்கள்.)

சிவில் கோர்ட்டில் தனியாக இறங்குவதை நான் ஒரே ஒரு நிலையில்தான் சொல்வேன்: கையில் புரோநோட்டோ, செக்கோ, கையெழுத்திட்ட ஒப்பந்தமோ இருக்க வேண்டும். அப்போது சிவில் நடைமுறைச் சட்டம் ஆணை 37-இன் கீழ் சுருக்க வழக்கு போடலாம். பிரதிவாதி 10 நாளில் ஆஜராக வேண்டும், எதிர்வாதம் செய்யவே கோர்ட்டிடம் அனுமதி வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் 3 சதவீதம், 30,000-க்கு 900 ரூபாய். புரோநோட்டுக்குக் கெடு 3 வருடம். காகிதம் எதுவும் இல்லாமல் போனால் சாட்சி, குறுக்கு விசாரணை என்று வரும், எதிர்ப்பக்கம் அனுபவமுள்ள வக்கீல் நிற்பார், அது கஷ்டம். ஜெயித்தாலும் பணம் தானாக வராது, நிறைவேற்று மனு போட்டுத்தான் வாங்க வேண்டும். நிறையப் பேர் களைத்துப்போவது அந்தக் கட்டத்தில்தான். அதற்கு 12 வருடம் அவகாசம் உண்டு, எனவே இன்று சொத்து இல்லை என்கிற ஆளையும் விட்டுவிட வேண்டியதில்லை.

எங்கே போனாலும் முதலில் நீங்களே ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்: தொகை, காரணம், 15 நாள் கெடு, ஒரே பக்கம். இன்னொன்று, பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். 15100-க்குப் போன் செய்து கேட்டால் வழி சொல்வார்கள். சிவில் கோர்ட் படியேற வேண்டியிருந்தால் தனியாகப் போகும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.