அம்மம்மாவின் தகரப்பெட்டியும் கன்னாதிட்டிப் பத்தரும்

அம்மம்மாவின் ஆட்டைத்திவசம் முடிந்த பிறகுதான் அவரது தகரப்பெட்டியைத் திறந்தோம். மேசையில் வெள்ளைத் துணி விரித்துக் கொட்டிப் பார்த்தால் அறுந்த சங்கிலி ஒன்று, சோடியில்லாத சிவப்புக்கல் தோடு, லண்டன் மாமா எப்போதோ கொண்டுவந்து கொடுத்த மோதிரம், வளையம் ஒட்டிப் பெண்டனாக்கிய பவுண் காசு, தம்பி குழந்தையாக இருந்தபோது கட்டிய வெள்ளி அரைஞாண், கறுத்துப்போன கொலுசு, வெள்ளி என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த ஆறு கரண்டிகள். 1995 யுத்த இடப்பெயர்வில் சேலைத் தலைப்பில் முடிந்து சாவகச்சேரி வரை போய்த் திரும்பிய சாமான்கள் என்று அம்மா சொன்னார். போட ஆளில்லை, வீட்டில் வைத்திருக்கவும் பயம். சரி, விற்போம் என்று முடிவெடுத்தோம்.

முதலில் போனது யாழ்ப்பாண நகரத்தில் குளிரூட்டி போட்ட பெரிய நகைக்கடை ஒன்றுக்கு. பெயர் வேண்டாம். குளிர்பானம் தந்தார்கள், கதிரை தந்தார்கள், சங்கிலியை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்கள். பத்து நிமிடம் கழித்து வந்தவர் "15.1 கிராம் நிக்குது, அதிலயும் கழிவு இருக்கு" என்றார். தராசு எங்கே என்று கேட்டால் உள்ளே இருக்கிறதாம். அம்மா ஒன்றும் பேசாமல் கைப்பையிலிருந்து பழைய அடைவு (அடகு) துண்டை எடுத்தார். முன்பொருமுறை அதே சங்கிலியை வங்கியில் அடைவு வைத்தபோது நிறுத்து எழுதிக் கொடுத்த துண்டு, 15.8 கிராம் என்று இருந்தது. சங்கிலியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வெளியே வந்தோம். பழைய அடைவுத் துண்டுகளைக் கிழித்துப் போடுகிறவர்கள் தயவுசெய்து இனிமேல் கிழிக்காதீர்கள்.

அப்புறம் தெரிந்தவர் ஒருவர் சொல்லி, கன்னாதிட்டிப் பக்கம் நகை செய்யும் பத்தர் ஒருவரின் கடைக்குப் போனோம். கஸ்தூரியார் வீதியின் கண்ணாடிக் கடைகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது கடை மாதிரியே தெரியாது. ஒரு மேசை, ஒரு மின்விசிறி, ஊதுகுழல், வாடிக்கையாளர் பக்கம் எண் தெரியும்படி திருப்பி வைத்த சின்ன டிஜிட்டல் தராசு, அவ்வளவுதான். நான் மதிப்பெண் போடுவதென்றால் அந்தத் தராசு திரும்பியிருந்த திசைக்கே பாதி போடுவேன்.

சங்கிலி அங்கே 15.7 நின்றது. 0.1 தேய்ந்திருக்கும் என்றார், நம்பக்கூடியதுதான். கறுப்பு உரைகல்லில் சங்கிலியை ஒரு கோடு இழுத்தார், பக்கத்திலேயே 22 கரட் என்று நிச்சயம் தெரிந்த ஊசியால் இன்னொரு கோடு, இரண்டின் மேலும் ஒரு சொட்டு அமிலம். இரண்டும் அப்படியே நின்றன. பிறகு, முன்பு அறுந்து ஒட்டிய இடத்தைத் தனியாக உரைத்துக் காட்டினார், அந்தக் கோடு மங்கியது. "பற்றாசு வைச்ச இடம் அக்கா, அதில கரட் குறைவு" என்று 0.2 கிராம் மட்டும் கழித்தார். கழிவு என்ற சொல்லை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், அது எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தது அன்றுதான்.

தோடுதான் ஏமாற்றம். நிறுத்தால் 7.2 கிராம், கிட்டத்தட்ட ஒரு பவுண் என்று நான் மனக்கணக்குப் போட்டுவிட்டேன். எங்களிடம் கேட்டுவிட்டுத்தான் கல்லைக் கழற்றினார், பின்பக்கம் சூடு காட்டியதும் உள்ளேயிருந்து அரக்கு உருகி வழிந்தது. மிஞ்சிய தங்கம் 4.9. கல்லையும் ஒரு பொட்டலத்தில் மடித்துத் தந்தார். மோதிரம் இன்னும் மோசம். உள்பக்கம் 375 என்று பொறித்திருக்கிறது, அதாவது ஆயிரத்தில் 375 பங்குதான் தங்கம், 9 கரட். உரைகல்லில் அமிலம் பட்டதும் கோடு கரைந்தே போயிற்று. நிறை 6 கிராம், நம் கணக்கில் முக்கால் பவுண், ஆனால் 22 கரட்டுக்கு மாற்றிப் பார்த்தால் 2.45 கிராம். மாமாவுக்கு இதை யார் சொல்வது என்று இன்னும் வீட்டில் முடிவாகவில்லை. வெளிநாட்டு நகைகளில் 375, 585, 750 என்று என்ன எண் இருக்கிறதோ அதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள், நம்முடைய 22 கரட்டுக்கு 916.

பவுண் காசு நல்லது. 1911, ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலை. காசு மட்டும் 8 கிராமுக்கு ஒரு நூல் குறைவு, அதுவும் 22 கரட்டேதான். நாம் 8 கிராமைப் பவுண் என்று சொல்வதே இந்தக் காசை வைத்துத்தானே. ஆனால் வளையம் ஒட்டியதால் காசு சேகரிப்பவர்கள் எடுக்க மாட்டார்கள், தங்க விலைதான் தரலாம் என்றார். அம்மா அதைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கு இந்தக் கடையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கொலுசையும் அரைஞாணையும் அரைமனதோடு எடுத்தார், சொன்ன விலையும் குறைவு, அரைஞாணை விற்காமல் கொண்டுவந்துவிட்டோம். கரண்டிகள் விஷயத்தில் மட்டும் நேர்மைக்கு நன்றி. தம்பி பழைய ஸ்பீக்கரின் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, ஆகவே வெள்ளி என்று வீட்டில் தீர்ப்பே சொல்லியிருந்தான். செம்பும் பித்தளையும்கூடக் காந்தத்தில் ஒட்டாது. பத்தர் கரண்டியைத் திருப்பி, பிடியின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஈ.பி.என்.எஸ். என்பதைக் காட்டினார். செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த உலோகம், மேலே வெள்ளி முலாம். "தேயத் தேய மஞ்சள் தெரியும் தம்பி, பாருங்கோ" என்று கரண்டியின் நுனியைக் காட்டினார், தெரிந்தது.

குறைகளும் உண்டு. உட்கார ஒரே ஒரு ஸ்டூல், அதில் அம்மா இருந்தார், நான் ஒன்றரை மணி நேரம் நின்றேன். மோட்டார் சைக்கிள் விட இடமில்லை. முழுக் காசும் கையில் இல்லை என்று பாதியை அன்றும் மீதியை மறுநாள் காலையும் தந்தார், அடையாள அட்டை இலக்கத்தைப் பதிந்து கையால் எழுதிய துண்டோடு. பெரிய கடை சொன்ன கிராம் விலை இவருடையதைவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனால் 15.1ஐயும் 15.5ஐயும் அவரவர் சொன்ன கிராம் விலையால் பெருக்கிப் பார்த்தபோது காசு இங்கேதான் கூட வந்தது, அங்கே கழிவு வேறு பாக்கி இருந்தது.

போவதென்றால் காலையில் போங்கள், மத்தியானம் அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. கரண்டிகளை இப்போது பாயாசத்துக்குப் பாவிக்கிறோம்.