கிரானா, சிஸ்டம்டி டைமரா: ஒரு பேக்கப் வேலையை முன்வைத்து

எங்கள் அலுவலகத்து டெபியன் (லினக்ஸ் வகைகளில் ஒன்று) சர்வரில் இரவு 2.30 மணிக்கு ஓடும் டேட்டாபேஸ் பேக்கப்பைப் பல ஆண்டுகள், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானிடம் ஒப்படைத்திருந்தேன். சென்ற ஆண்டு அதை, லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் அதே வேலையைச் செய்யும் டைமருக்கு மாற்றினேன். ஆகவே என் சாய்வு டைமரின் பக்கம்தான்.

எளிமையில் கிரானை மிஞ்ச ஆளில்லை. 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே இருந்த கருவி அது. நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என ஐந்து இடங்களை நிரப்பி, பின்னால் கட்டளையை எழுதினால் போதும். "30 2 * * *" என்ற ஒரே வரியில் நேரம் குறித்தாயிற்று. டைமருக்கோ எதை ஓட்டுவது என்று சொல்லும் சர்வீஸ் கோப்பு ஒன்றும் எப்போது என்று சொல்லும் டைமர் கோப்பு ஒன்றுமாக இரண்டு எழுதி, டைமரை எனேபிள் செய்யவும் வேண்டும்.

ஆனால் எழுதுவது ஒரு நாள் வேலை. அது ஓடுகிறதா என்று கண்காணிப்பது ஆண்டுக்கணக்கான வேலை. எனக்கு முடிவைத் தீர்மானித்தது இதுதான். ஒருமுறை பேக்கப் கோப்பின் பெயரோடு அன்றைய தேதியும் சேரட்டும் என்று, கிரானின் வேலைப்பட்டியலான கிரான்டேப் வரியிலேயே டேட் கட்டளையை +%F என்ற குறியோடு சேர்த்தேன். டெர்மினலில் அதே வரி பிழையின்றி ஓடியது. கிரானிலோ, முன்னால் பின்சாய்கோடு இல்லாத % குறி வரிமுறிவாகக் கொள்ளப்படும். அதற்குப் பின்னால் உள்ளதெல்லாம் கட்டளையிலிருந்து கழன்றுவிடும். பாதியில் அறுந்த கட்டளை ஒவ்வோர் இரவும் பிழையோடு நின்றது. பிழைச்செய்தியை கிரான் மின்னஞ்சலாகத்தான் அனுப்பும். அந்த சர்வரில் மெயில் அனுப்பும் நிரல் எதையும் நான் நிறுவியிருக்கவில்லை என்பதால், செய்தி கைவிடப்பட்டது என்ற ஒற்றை வரி மட்டும் சிஸ்டம் லாகில் இரவுதோறும் பதிவாகிக்கொண்டிருந்தது. 19 நாட்கள் கழித்து, பழைய பட்டியல் ஒன்றை மீட்டெடுக்க வேண்டி வந்தபோதுதான் பேக்கப் கோப்புறையில் புதிய கோப்பு ஒன்றுகூட இல்லை என்று கண்டேன்.

நியாயமாகச் சொன்னால், சிஸ்டம்டியின் சர்வீஸ் கோப்பிலும் % தனிப்பொருள் உடையதுதான். அங்கே அதை இரட்டித்து எழுத வேண்டும். கட்டளையைத் தனி ஸ்கிரிப்டில் (கட்டளைகளை எழுதிவைக்கும் கோப்பில்) வைப்பதே இரண்டுக்கும் பொதுவான நல்வழி. வேறுபாடு, தவறு நேர்ந்த பிறகு தெரிகிறது. ஸ்கிரிப்ட் பிழையோடு முடிந்தால் அந்த சர்வீஸ் "ஃபெயில்டு" என்று சிவப்பில் நிற்கும்; அது அச்சிட்ட ஒவ்வொரு வரியும் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் அந்த சர்வீஸின் பெயரிலேயே கிடைக்கும். லிஸ்ட்-டைமர்ஸ் என்று கேட்டால், கடைசியாக எப்போது ஓடியது, அடுத்து எப்போது ஓடும் என்பவை அருகருகே வந்து நிற்கும். முந்தைய இரவின் வேலை இன்னும் முடியாதிருந்தால் அதன்மேல் இன்னொன்றைத் தொடங்கவும் செய்யாது; கிரானில் இதற்கு நாமே பூட்டு போட வேண்டும். எனினும், தோல்வியை டைமர் தானாக வந்து சொல்லாது; ஆன்ஃபெயிலியர் என்ற அமைப்பில், செய்தி அனுப்பும் இன்னொரு சர்வீஸை நாமே எழுதி இணைக்க வேண்டும். அதற்கு எனக்கு ஒரு மாலைப்பொழுது பிடித்தது.

இரவில் அணைத்து வைக்கும் மடிக்கணினிக்கு, டைமர் கோப்பில் பெர்சிஸ்டன்ட் என்ற ஒரு வரி, தவறிய நேரத்து வேலையை மறுநாள் இயக்கியதும் ஓட்டிவிடுகிறது. கிரான் அதை அப்படியே விட்டுவிடும். தவறிய வேலைகளைப் பின்னர் ஓட்டும் அனக்ரான் என்ற கருவி துணைக்கு வந்தாலும் நாள் கணக்கில்தான் பார்க்கும், மணிக்கணக்கில் அல்ல.

என் அனுபவம் ஒரு சர்வரோடும் ஒரு மடிக்கணினியோடும் நிற்கிறது; நூறு கணினிகளைப் பராமரிப்பவரின் கணக்கு வேறாக இருக்கலாம். ஃப்ரீபிஎஸ்டி, ஆல்பைன் போன்ற இயங்குதளங்களில் சிஸ்டம்டியே இல்லை என்பதால் அங்கே இந்தத் தேர்வுக்கும் இடமில்லை. என் சர்வரிலும் ஒரு வரி இன்னும் கிரானில்தான் இருக்கிறது: வாரம் ஒருமுறை தற்காலிகக் கோப்புகளை அழிக்கும் வரி. அது ஒரு வாரம் ஓடாமல் போனாலும் யாருக்கும் இழப்பில்லை.