பொன்னாடைக்கு ரெண்டு ஸ்டார், மொய் நோட்டுக்கு அஞ்சு: கோயமுத்தூர் சேரிட்டி காமெடி ஷோ

கோயமுத்தூர்ல ஒரு டிரஸ்ட் வருசா வருசம் நடத்தற காமெடி ஷோங்க. டிக்கெட் காசு தலசீமியாங்கற பரம்பரை ரத்த நோவு இருக்கற கொழந்தைகளுக்குப் போகுது. நான் திருப்பூர்லருந்து மூணாவது வருசமா போறேன், இந்தத் தடவ அமுச்சியையும், அதாவது எங்கம்மாவோட அம்மாவையும், கூட்டிட்டுப் போனேன்.

மொதல்ல கொறைய சொல்லிப்போடறேன். ஆறரைன்னு போட்டுட்டு ஆரம்பிச்சது ஏழு இருவதுக்கு. அந்த அம்பது நிமிசமும் பொன்னாடைதான், ஸ்பான்சருக்கு, ஸ்பான்சரோட சம்பந்திக்கு, சவுண்டு செட்டு குடுத்தவருக்கு, அப்புறம் பொன்னாடை வாங்கிக் குடுத்தவருக்கே ஒரு பொன்னாடை. அமுச்சி எங்காதுல "ஏஞ்சாமி, கண்ணாலத்துக்கா வந்துட்டோம்"னு கேட்டுச்சு.

ஆனா தொகுத்து வழங்குன ரெண்டு பேரு இருக்காங்களே, காசு அங்கதானுங்க இருக்கு. ஒருத்தரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியாரு, இன்னொருத்தங்க எஃப்எம்ல பேசற அம்மணி. கொங்கு காமெடின்னா சத்தம் போட்டுத் திட்டறதுன்னு வெளியூர்க்காரங்க நெனச்சுட்டிருக்காங்க, கவுண்டமணி நம்ம உடுமலப் பக்கத்துக்காரரு, மணிவண்ணன் சூலூரு, அதனால அப்புடி நெனைக்கறதும் தப்பில்ல. ஆனா நம்மூட்டுத் திண்ணைல நடக்கறது வேறீங்க. கொரலே ஒசத்தாம, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு "ங்க" போட்டு, மரியாதையாவே மானத்த வாங்கறது. வாத்தியாரு அதத்தான் பண்றாரு. ஒரு காமெடியன் முடிச்சுட்டு எறங்கறப்ப, "தம்பி ஜோக்கு நல்லாருந்துச்சுங்க, போன வருசமும் நல்லாருந்துச்சுங்க"ன்னாரு பாருங்க, அந்தப் பையனே சிரிச்சுட்டான்.

இடைவேளைக்கு முன்னாடி மொய் எழுதறதுதான் இந்த ஷோவோட உசுரு. மேடைல ஒரு மேசையப் போட்டு, பித்தளத் தாம்பாளம் வெச்சு, நோட்டும் பேனாவுமா ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க. கண்ணால மண்டபத்துல மைக்குல இழுத்து இழுத்து வாசிப்பாங்களே, அதே ராகம். "பல்லடம் ரோடு டையிங் மொதலாளி, பேரு சொல்ல வேண்டாம்னு சொன்னாரு, வேண்டாம்னு சொன்னத மைக்குல சொல்லச் சொன்னாரு, அஞ்சாயிரத்து ஒண்ணு!" அந்த அம்மணி சும்மா இருக்குமா, "ஜிபே சுத்திக்கிட்டே இருக்குதுங்களா அண்ணா, அது நெட்டு இல்லீங்க, மனசு." பின்னாடி வரிசைல இருந்தவங்கெல்லாம் எந்திரிச்சு வந்து எழுதுனாங்க, பிச்ச கேட்ட மாதிரியும் இல்ல, மெரட்டுன மாதிரியும் இல்ல.

இங்கிலாந்துல 1985ல ரிச்சர்ட் கர்ட்டிஸ், லென்னி ஹென்றின்னு ரெண்டு பேரு ஆரம்பிச்ச காமிக் ரிலீஃப் இருக்குல்லீங்க, 1988லருந்து செவப்பு மூக்க மாட்டிக்கிட்டு டிவில சிரிக்க வெச்சே காசு வசூல் பண்றாங்க, அவங்களுக்கு மூக்குன்னா நமக்கு மொய் நோட்டு. அவங்க நிகழ்ச்சில நடுநடுவுல உருக்கமான வீடியோ வரும். போன வருசம் இவங்களும் அப்புடி ஒரு நீள வீடியோவ சோகப் பாட்டோட போட்டு, அப்புறம் யாருமே சிரிக்கல, அடுத்து வந்த ஆளு பாவம். இந்தத் தடவ வீடியோ இல்ல. அம்மணி மைக்கக் கிட்ட வெச்சு ஒரே நிமிசம் பேசுச்சு. ரெண்டு வாரத்துக்கோ மூணு வாரத்துக்கோ ஒருக்கா ரத்தம் ஏத்தோணும், ஏத்த ஏத்த ஒடம்புல இரும்புச் சத்து சேந்து இருதயத்தையும் கல்லீரலையும் கெடுக்கும், அத எறக்கறதுக்குத் தனியா மருந்து, அதும் பல வருசத்துக்கு. "அந்தக் கொழந்தைக்குக் காலண்டருன்னா ரத்தம் ஏத்தற தேதிதானுங்க"ன்னு சொல்லிட்டு நிறுத்திருச்சு. அரங்கத்துல பேன் சத்தம் மட்டும். அப்புறம் வாத்தியாரு கனைக்கறாரு, "அடுத்த மொய்"ங்கறாரு. அந்த எடத்த ஒரு மயிரிழை பெசகாமத் தாண்டுனாங்க, சாமி.

காமெடியன்க அஞ்சு பேருல ரெண்டு பேரு தேறும். பனியன் கம்பெனி ஓவர்டைம் பத்திப் பேசுன பையன் நம்ம பழமையவே எடுத்து நம்மளயே அடிச்சான். கடேசியா வந்தவரு மாமியா ஜோக்கு, அத எங்கியாவது தொலச்சுட்டு வந்திருக்கலாம்.

போறவங்களுக்கு ஒண்ணு. மொய்ய ரெண்டாயிரத்துக்கு மேல எழுதறதா இருந்தா ரொக்கமா குடுக்காதீங்க, நன்கொடைக்கு வருமான வரில உண்டான கழிவு (80ஜிம்பாங்க) கெடைக்காது, ஆன்லைன்ல போட்டு ரசீது கேளுங்க. அதும் பழைய வரி முறைல இருக்கறவங்களுக்குத்தான். உள்ள விக்கற டீய நம்பாதீங்க, முடிச்சுட்டு வெளிய வந்து தள்ளுவண்டில காளான் சாப்புடுங்க.

என்னோட மார்க்கு அஞ்சுக்கு நாலு. ஒண்ணு பொன்னாடைக்குப் போச்சு.

அமுச்சி நூத்தியொண்ணு எழுதுச்சு. கருமத்தம்பட்டி தாண்டுற வரைக்கும் பேசாம வந்துட்டு, அப்புறம் கேக்குது, "ஏங்கண்ணு, எழுதுன மொய்ய அவிய எந்த நோம்பிக்கு நமக்குத் திருப்பி எழுதுவாங்கோ?"