எக்ஸ்எம்எல்சீரியலைசரா, டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசரா? நான் பழையதற்கே திரும்பிய கதை

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ஒரு ஆப்ஜெக்ட்டை எக்ஸ்எம்எல்லாக, அதாவது குறிச்சொற்கள் கொண்ட உரைக் கோப்பாக, எழுத இரண்டு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. 2002-ல் டாட்நெட்டின் முதல் பதிப்போடு வந்தது எக்ஸ்எம்எல்சீரியலைசர். 2006-ல் டாட்நெட் 3.0-உடன், டபிள்யூசிஎஃப் என்ற சர்வீஸ் கட்டமைப்புக்குத் துணையாக வந்தது டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசர். ஆர்டர் விவரங்களை அனுப்பும் ஒரு வேலைக்குப் பிந்தையதைத்தான் முதலில் எடுத்தேன். புதியது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து, எல்லா வகுப்புகளையும் மாற்றி எழுதி, பழையதற்குப் போனேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இது.

புதியதன் பலங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். எதை எழுத வேண்டும் என்று நீங்கள் குறித்ததை மட்டும் எழுதும். பிரைவேட் ஃபீல்டுகளையும் எடுத்துக்கொள்ளும். டிக்‌ஷனரியைத் தானாகவே கையாளும். ஒன்றையொன்று சுட்டும் ஆப்ஜெக்ட்டுகளையும், சொன்னால், சரியாக எழுதும். பழையதால் இவற்றில் எதுவும் முடியாது. பப்ளிக்காக இருப்பதை மட்டுமே பார்க்கும், பாராமீட்டர் இல்லாத கன்ஸ்ட்ரக்டரும் கேட்கும்.

அப்புறம் ஆட்ரிபியூட், அதாவது ஓர் எலிமென்ட்டின் (எக்ஸ்எம்எல் குறிச்சொல்லின்) மேலேயே எழுதும் பெயரும் மதிப்பும். புதியதில் ஆட்ரிபியூட் எழுதவே வழியில்லை, எல்லாம் எலிமென்ட்தான். ஐஎக்ஸ்எம்எல்சீரியலைசபிள் இன்டர்ஃபேஸை நீங்களே எழுதினால் முடியும். ஒரே ஒரு வகுப்புக்கு அப்படிச் செய்து பார்த்தேன்; எழுதுவது சுலபம், திரும்பப் படிக்கும் பகுதியில்தான் நேரம் போனது. பழையதில் இது ஒரு வரி வேலை. தொகை என்ற எலிமென்ட்டுக்குள் எண், அதன்மேல் கரன்சி என்ற ஆட்ரிபியூட் என்று எதிர்த்தரப்பின் எக்ஸ்எஸ்டி (கோப்பின் வடிவத்தை வரையறுக்கும் ஸ்கீமா) கேட்டால், எண்ணுக்கு எக்ஸ்எம்எல்டெக்ஸ்ட், கரன்சிக்கு எக்ஸ்எம்எல்ஆட்ரிபியூட் என்று குறித்தால் போதும்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஒரு விதி இருக்கிறது. ரூட்டில், அதாவது எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளி எலிமென்ட்டில், ஒரு டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் (பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்று காட்டும் அடையாளம்) அறிவித்தால் அது உள்ளே இருக்கும் எலிமென்ட்டுகளுக்குப் போகும், ஆட்ரிபியூட்டுகளுக்குப் போகாது. முன்னொட்டு (நேம்ஸ்பேஸைக் குறிக்கப் பெயருக்கு முன் வரும் சுருக்கம்) இல்லாத ஆட்ரிபியூட் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராது. இது வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 1999-ல் வெளியிட்ட நேம்ஸ்பேஸ் விதியிலேயே இருப்பது. ஆகவே கரன்சிக்கு நேம்ஸ்பேஸ் எதுவும் கொடுக்காமல் விடுவதுதான் பெரும்பாலும் சரி. எக்ஸ்லிங்க் மாதிரி வேறொரு நேம்ஸ்பேஸிலிருந்து வரும் ஆட்ரிபியூட்டுக்கு மட்டும் கொடுங்கள். இன்னொரு தொல்லையும் உண்டு: நல்லபிள் எண்ணை, அதாவது மதிப்பே இல்லாமலும் இருக்கக்கூடிய எண்ணை, பழைய சீரியலைசர் ஆட்ரிபியூட்டாக ஏற்காது. அதைச் சாதாரண எண்ணாக எழுதி, பக்கத்தில் அதே பெயரோடு ‘ஸ்பெசிஃபைட்’ என்று முடியும் ஒரு பூலியன் ப்ராப்பர்ட்டி வைக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்யும்.

ஆனால் என் முடிவை மாற்றியது ஆட்ரிபியூட் இல்லை, பராமரிப்பு. அதிலும் நேம்ஸ்பேஸ் எங்கிருந்து வருகிறது என்ற ஒரே கேள்வி.

நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், புதிய சீரியலைசர் உங்கள் சி ஷார்ப் நேம்ஸ்பேஸை (கோடில் வகுப்புகளைத் தொகுக்கும் பெயரை) எடுத்து, 2004/07 என்று முடியும் டேட்டாகான்ட்ராக்ட் இணைய முகவரியின் வாலில் ஒட்டி, அதையே எக்ஸ்எம்எல் நேம்ஸ்பேஸாக எழுதும். அதாவது கோடில் ஃபோல்டரை ஒழுங்குபடுத்தி அதற்கேற்ப நேம்ஸ்பேஸை மாற்றினால் வெளியே போகும் கோப்பு மாறும். எங்களுக்கு நடந்தது இதுதான். ஆர்டரில் இருந்த முகவரிக்கான வகுப்பைப் பொதுவான இடத்துக்கு நகர்த்தினோம். பில்ட் ஓடியது, டெஸ்ட்டுகள் ஓடின, ஏனென்றால் டெஸ்ட்டில் எழுதுவதும் படிப்பதும் ஒரே கோடு. பெறும் பக்கத்திலோ நகர்த்துவதற்கு முந்தைய வகுப்பு. ரூட் எலிமென்ட்டின் நேம்ஸ்பேஸ் மாறியிருந்தால் அது எக்ஸெப்ஷன் எறிந்திருக்கும், அன்றே தெரிந்திருக்கும். மாறியது உள்ளே இருந்த வகுப்பு. முகவரி என்ற எலிமென்ட் ஆர்டரின் நேம்ஸ்பேஸில் இருக்கிறது, அதனால் முகவரி ஆப்ஜெக்ட் உருவானது. அதற்குள் இருந்த தெருவும் ஊரும் வேறு நேம்ஸ்பேஸில் வந்ததால் அவற்றைச் சத்தமில்லாமல் தாண்டிவிட்டது. முகவரி நல் இல்லை என்ற சோதனையும் தேறிவிட்டது. வெற்று முகவரியோடு ஆர்டர்கள் உள்ளே போன பிறகுதான் கண்டுபிடித்தோம்.

எலிமென்ட்டுகளின் வரிசையிலும் இதே மௌனம்தான். புதியது எழுத்து வரிசையில் எழுதும், அதே வரிசையில் எதிர்பார்க்கும். இடம் மாறி வந்ததை விட்டுவிடும்.

இதற்கு மருந்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு டேட்டாகான்ட்ராக்ட்டிலும் நேம்ஸ்பேஸை வெளிப்படையாக எழுதலாம், அசெம்ப்ளிக்கே (தொகுத்த கோடின் முழுப் பொதிக்கே) ஒன்றைக் குறிக்கலாம், கட்டாயம் என்று குறிக்கும் இஸ்ரிக்வயர்டு வைத்தால் விடுபட்டது உடனே எக்ஸெப்ஷனாக வரும். ஆனால் இதையெல்லாம் புதிதாக வகுப்பு எழுதும் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். மறந்தால் அன்று எதுவும் உடையாது, ஆறு மாதம் கழித்து உடையும். என்னால் அப்படி ஒரு குழுவை நடத்த முடியவில்லை.

பழைய சீரியலைசருக்கு சி ஷார்ப் நேம்ஸ்பேஸ் பற்றிக் கவலையே இல்லை. எக்ஸ்எம்எல்ரூட்டிலும் எக்ஸ்எம்எல்டைப்பிலும் நீங்கள் எழுதிய யூஆர்ஐதான் (இணைய முகவரி வடிவில் எழுதும் நேம்ஸ்பேஸ் அடையாளம்) கோப்பில் வரும். அதுவும் தெரியாததைத் தாண்டித்தான் போகும், ஆனால் அன்னோன்எலிமென்ட், அன்னோன்ஆட்ரிபியூட் என்ற ஈவென்ட்டுகள் இருக்கின்றன. இரண்டையும் லாகில் இணைத்துவிட்டோம். மாறிய நாள் முதல், எதிர்த்தரப்பு எதையாவது சேர்த்தால் அன்று மாலையே எங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எனக்கு இந்த ஒன்றே போதும்.

முன்னொட்டும் கையில் இருக்கிறது. விதிப்படி முன்னொட்டு எதுவானாலும் பொருள் ஒன்றுதான், யூஆர்ஐதான் பெயர். இருந்தாலும் முன்னொட்டை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பழைய மென்பொருள்கள் இருக்கத்தான் செய்கின்றன. எக்ஸ்எம்எல்சீரியலைசர்நேம்ஸ்பேசஸ் என்ற வகுப்பில் நமக்கு வேண்டிய முன்னொட்டைச் சொல்லலாம். ரூட்டில் தானாக ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்எஸ்ஐ, எக்ஸ்எஸ்டி என்ற முன்னொட்டு அறிவிப்புகளை நீக்க, அதிலேயே வெற்று முன்னொட்டுக்கு வெற்று நேம்ஸ்பேஸ் சேர்த்தால் போதும்.

பழையதில் கவனிக்க வேண்டிய ஒன்று நினைவகம். டைப் மட்டும், அல்லது டைப்போடு டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் கொடுக்கும் கன்ஸ்ட்ரக்டர்கள் இரண்டும், உள்ளே உருவாகும் அசெம்ப்ளியைத் தாமே சேமித்துவைத்துக்கொள்ளும். எக்ஸ்எம்எல்ரூட்ஆட்ரிபியூட் கேட்கும் கன்ஸ்ட்ரக்டரை ஒவ்வொரு முறையும் புதிதாக அழைத்தால், ஒவ்வொரு முறையும் புது அசெம்ப்ளி உருவாகி நினைவகம் ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை உருவாக்கி ஸ்டாட்டிக் ஃபீல்டில் வைத்துவிடுங்கள்.

வேகத்தைப் பற்றி நான் தீர்ப்பு சொல்லவில்லை. எங்கள் கோப்புகள் சிறியவை, அந்த அளவில் வித்தியாசம் எதையும் நான் உணரவில்லை. இரண்டு முனையும் உங்கள் கையிலேயே இருந்து, ஆட்ரிபியூட் தேவையில்லாமல், டிக்‌ஷனரிகள் நிறைய இருந்தால் புதியதை எடுங்கள், நேம்ஸ்பேஸை மட்டும் கையால் எழுதிவிடுங்கள். எக்ஸ்எஸ்டி வேறொருவருடையது என்றால் பழையதுதான். அதற்கென்று தனி வகுப்புகள் வைத்து, உள்ளே புழங்கும் ஆப்ஜெக்ட்டுகளிலிருந்து மதிப்புகளை அவற்றுக்கு மாற்றி எழுதுகிறோம். எங்கள் மாற்றத்தில் அதிக நேரம் பிடித்தது அந்த வேலைதான், ஏறக்குறைய இரண்டு வாரம்.