பூனைக்குக் கருத்தடை: ஐந்தாம் மாதமா, முதல் ஈற்றுக்குப் பிறகா?

பெட்டைப் பூனை ஒரு தடவையாவது குட்டி போட்ட பிறகே கருத்தடை அறுவை செய்ய வேண்டும் என்போர் குமரி மாவட்டத்திலும் உண்டு. ஐந்து மாதத்துக்குள் முடித்துவிடலாம் என்பது இன்றைய கால்நடை மருத்துவர்கள் பலரின் பரிந்துரை. முன்னதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. நான்கு மாதத்திலேயே சினைப்படக்கூடிய பூனை, ஏறத்தாழ 65 நாளில் ஈன்று, குட்டிகள் பால்குடி மறக்குமுன்பே மறுபடியும் சினைப்பட்டுவிடும். பகல் நீளும் மாதங்களில்தான் பூனை பருவத்துக்கு வரும் என்பது குளிர்நாடுகளுக்குப் பொருந்தும். நிலநடுக்கோட்டிலிருந்து 8 பாகை வடக்கே உள்ள நாகர்கோவிலிலோ தக்கலையிலோ பகல்பொழுது ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால், இங்கே காத்திருக்க ஓய்வுக்காலம் என்று ஒன்று கிடையாது. ஆறு மாதத்துக்குமுன் அறுவை செய்த பூனைகளுக்குப் பால்மடிப் புற்று அபாயம் 91 விழுக்காடு குறைவு என 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. இரண்டு வயதுக்குப் பிறகு செய்தால் அந்தப் பயன் இல்லை.

ஆனாலும் சிறு குட்டிக்கு உடல்சூடும் இரத்தச் சர்க்கரையும் விரைவில் இறங்கும் என்பதால், ஒரு கிலோ எடையாவது வந்திருக்க வேண்டும். அதைச் சில மணி நேரத்துக்குமேல் பட்டினி போடவும் கூடாது. வளர்ந்த பூனைக்கு முந்தைய இரவோடு உணவை நிறுத்தச் சொல்வது வழக்கம். விடியற்காலையில் சாளைத் தலை ஒன்றைப் போட்டுவிட்டு, மருத்துவரிடம் “ஒன்றும் தின்னவில்லை” என்று சொல்வது ஆபத்து. மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போய்விடும்.

அடிவயிற்றுக் கீறலா, பக்கவாட்டுக் கீறலா என்பதை மருத்துவரிடம் விட்டுவிடலாம். பால் கட்டியிருக்கும் தாய்ப்பூனைக்குப் பக்கவாட்டுக் கீறல் வசதி; சினையாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அடிவயிறே நல்லது. ஊசி போட்டுப் பருவத்தைத் தள்ளிப்போடுவது மலிவாகத் தோன்றினாலும் கருப்பையில் சீழ் பிடிக்கவும் பால்மடிக் கட்டிக்கும் அது வழிவகுக்கும். எனவே அதை நான் ஒரு மாற்றாகவே கருதவில்லை.

அருகிலுள்ள கால்நடை மருந்தகமா, திருநெல்வேலிக் கால்நடை மருத்துவக் கல்லூரியா? நலமாயிருக்கும் இளம் பூனைக்கு, முழுமையாக மயக்கம் தெளியும்வரை பார்த்துக்கொள்ளும் இடம் பக்கத்திலேயே இருந்தால் அதுவே போதும். இதயக் கோளாறு உள்ளதற்கும் முதிர்ந்ததற்கும் பெரிய மருத்துவமனையே பொருத்தம். மழைநாளில் திரும்பினால் கூடையில் உலர்ந்த துணி விரித்து, நனையாமல் கொண்டுவர வேண்டும். தையல் ஆற 10 முதல் 14 நாள் ஆகும்; அதுவரை, தையலை நக்காமலிருக்கப் போடும் கழுத்துப்பட்டையைக் கழற்றக் கூடாது. வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலில் ஒரு துண்டு கொடுத்தாலும் பூனையின் உயிருக்கே ஆபத்து.

கடுவனுக்கு வேலை சில நிமிடம்தான், பெரும்பாலும் தையலும் இல்லை. ஆயினும் அதன்பின் சில வாரங்கள் அதற்குக் கருவூட்டும் திறன் இருக்கும் என்பதால், அறுவை செய்யாத பெட்டையோடு உடனே விட்டுவிடக் கூடாது.